மூணு நாள் தவக்கால தியானம்: 11 தவக்காலம் "குடியை விட்டவன்" எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பெரிய பக்திமான்லாம் கிடையாது. ஞாயிறு பூசைக்குப் போவேன், கடைசி பெஞ்சுல ஒக்காருவேன், பிரசங்கம் பத்து நிமிஷத்தைத் தாண்டுனா கை தானா போனைத் தேடும். ஆனா குடி விஷயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்தி, குடிச்ச அனுபவமும் இருக்கு, விட்ட அனுபவமும் இருக்கு. அதனால "போதை, துன்பம், புதுவாழ்வு"ன்னு தலைப்பு போட்டு மூணு நாள் சாயங்காலம் தியானம்னு பூசை முடிவுல அறிவிச்சதும் போய்த்தான் பாப்போமேன்னு கெளம்பிட்டேன். வீட்ல "நீதான் விட்டு ஆறு வருஷம் ஆச்சே, ஒனக்கு எதுக்கு இப்ப"ன்னு கேட்டாங்க. பழைய கம்பெனியில வேலை பாத்தவன் அந்தப் பக்கம் போனா எட்டிப் பாக்க மாட்டானா, அப்படித்தான்.

கோயில் பேரு, பேசுன ஃபாதர் பேரு எதுவும் போடப் போறதில்ல. இந்த மாதிரி தியானம் தவக்காலம் (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பது நாள் நோன்புக் காலம்) வந்தா எல்லா எடத்துலயும் நடக்குது, ஒரு ஆளைப் பிடிச்சு மார்க் போடுறது என் நோக்கமும் இல்ல.

நான் எதை வச்சு அளந்தேன்னு முன்னாடியே சொல்லிட்டா நல்லது. குடிகாரன்ல ஒரு வகை இருக்கு, தவக்காலக் குடிகாரன். தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பல் பூசுனதும் நிறுத்திடுவான், ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு பூசை முடிஞ்சு மெழுகுவர்த்தியை ஊதி அணைச்ச கையோட ஆரம்பிச்சிடுவான். நான் அந்த வகை, 11 வருஷம். இதுல பெரிய விஷம் என்னன்னா அந்த நாப்பது நாளை வச்சே வருஷம் பூரா வாதாடலாம், "எனக்கு என்ன அடிக்‌ஷனா, நான் நெனச்சா நிறுத்துவேன், தவக்காலத்துல நிறுத்தலயா?" எங்க அம்மாகிட்ட, பொண்டாட்டிகிட்ட, ஒரு தடவை டாக்டர்கிட்டயே இதைச் சொல்லி ஜெயிச்சிருக்கேன். மூணாவது வருஷம் இன்னொரு ஓட்டையும் கண்டுபிடிச்சேன். சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரைக்கும் எண்ணுனா 46 நாள் வரும், ஆறு ஞாயித்துக்கிழமையைக் கழிச்சாதான் 40, ஏன்னா ஞாயிறு உயிர்ப்பு நாள், நோன்புக் கணக்குல சேராது. இது திருச்சபை கணக்கு, சரியான கணக்குதான். நான் அதை எதுக்கு யூஸ் பண்ணிருப்பேன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆக, போதையைப் பத்தி தவக்காலத்துல பிரசங்கம் வச்சா அது என்னை மாதிரி ஆளைப் பிடிக்குதா இல்ல கைதட்டி அனுப்பி வைக்குதான்னு பாக்கணும், என் அளவுகோல் அவ்ளோதான்.

மொத நாள் எனக்குப் பிடிக்கல. மைக் வேற கீச்சுனு கத்திக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு மேல ஃபாதரும் கத்துனாரு. கெட்டுப்போன ஈரல் படம் ஸ்க்ரீன்ல பெருசா போட்டாங்க, நரகம் வந்துச்சு, அழுற குழந்தைங்க வந்துச்சு. ஈரல் படத்தைப் பாத்து குடியை விட்டவனை நான் இன்னும் சந்திக்கல. அதைப் பாத்தா படபடப்பு வரும், படபடப்பு வந்தா என்ன பண்ணுவோம்னு எங்களுக்குத் தெரியும்.

ஆனா அந்த நாள்லயே கடைசி இருபது நிமிஷம் ஆளு மாறிட்டாரு. குரலை எறக்கி, பவுல் உரோமையருக்கு எழுதுன லெட்டர்ல ஏழாம் அதிகாரத்தை எடுத்தாரு, நான் செய்ய நெனக்கிற நல்லதைச் செய்ய மாட்டேங்குறேன், வேணாம்னு நெனக்கிற கெட்டதைத்தான் செய்யுறேன்னு வருமே அந்த எடம். பவுல் போதையைப் பத்தி எழுதலதான், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு "போகக்கூடாது போகக்கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே செருப்பைத் தேடுனவனுக்கு அந்த வரி வேற மாதிரி கேக்கும். அப்புறம் கத்தோலிக்கத் திருச்சபையோட போதனையை எண் போட்டுத் தொகுத்த மறைக்கல்வி நூல்ல இருந்து ரெண்டு விஷயம் சொன்னாரு. 2290ஆவது எண், குடி, சாப்பாடு, புகையிலை, மருந்து எதுலயும் அளவு மீறக்கூடாதுங்குறது, அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்னு 1735, பழக்கமும் அடக்க முடியாத பற்றும் ஒருத்தனோட பொறுப்பைக் குறைக்கலாம், சில நேரம் இல்லாமலே கூட ஆக்கலாம்னு இருக்கு. அடிமைப்பட்டவன் செய்யுறது எல்லாமே முழுசா தெரிஞ்சு முழு மனசோட செஞ்ச பாவம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு வெளக்குனாரு. முன்னாடி ஒரு அம்மா சட்டுன்னு முந்தானையை எடுத்து மூஞ்சியில வச்சிக்கிட்டாங்க. யாரை நெனச்சாங்களோ.

இதுல ஒரு பெரிய தப்பு நடந்துச்சு, அதுக்குத்தான் மார்க் குறைக்குறேன். முடிக்கும்போது "இன்னைக்கு ராத்திரியே பாட்டிலைத் தூக்கிப் போடுங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு"ன்னு சொல்லி பாட்டு போட்டுட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. தெனமும் நெறைய குடிக்கிறவன் அப்படி ஒரேயடியா நிறுத்துனா ஒடம்பு சும்மா விடாது, கை நடுங்கும், வேர்க்கும், மொத ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுற அளவுக்குப் போகலாம், உயிரே போகவும் வாய்ப்பு இருக்கு. என்னோட கடைசி ரெண்டு தவக்காலம் மொத வாரம் திருப்பலிப் புத்தகத்தைப் பிடிக்க முடியாம மடியில வச்சுக்கிட்டுதான் படிச்சேன், பக்கத்துல இருந்தவரு நான் உருக்கமா செபிக்கிறேன்னு நெனச்சிருப்பாரு. கடைசியா நான் உண்மையிலயே விட்டது தவக்காலத்துலயும் இல்ல, கோயில்லயும் இல்ல, ஏதோ ஒரு செவ்வாக்கெழமை ஆஸ்பத்திரி வார்டுல, கையில ட்ரிப்ஸோட. "பாட்டிலைத் தூக்கிப் போடுங்க, அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க"ன்னு ஒரு வரி சேத்தா ஆண்டவர் கோச்சுக்க மாட்டாரு. சேக்கல.

ரெண்டாம் நாள் போகவா வேணாமான்னு யோசிச்சிட்டுதான் போனேன், போகாம இருந்திருந்தா நஷ்டம் எனக்குத்தான். தலைப்பு துன்பம். வழக்கமா இந்த எடத்துல எல்லாரும் சொல்றது "உன் சிலுவையை நீ சொம", அவ்ளோதான், ஆளை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இவரு மாற்கு நற்செய்தி 15ஆம் அதிகாரத்துல ஒரு சின்ன வசனத்துல நின்னாரு, 23ஆவது வசனம். சிலுவையில அறையுறதுக்கு முன்னாடி வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசுவுக்குக் குடுக்குறாங்க, அவரு வாங்கல. நான் சின்ன வயசுல இருந்து குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளின்னு பாடுகளின் வரலாறு கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், இந்த வரி ஒரு தடவை கூட காதுல விழுந்ததில்ல. அது என்னன்னா, வலி தெரியாம இருக்கக் குடுக்குறது, மரத்துப்போக வைக்கிறது. ஃபாதர் சொன்னாரு, குடிக்கிறவங்க முக்காவாசிப் பேரு சந்தோஷத்தைத் தேடிக் குடிக்கல, மரத்துப்போகத்தான் குடிக்கிறாங்க, என்ன வலின்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்கன்னு. அடுத்து அவரு சொன்னது இன்னும் நல்லா இருந்துச்சு. இயேசு அந்தக் கிண்ணத்தைத் தள்ளுனதை வச்சு வலி மாத்திரை போடுறவன், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து வாங்குறவன் எல்லாம் விசுவாசம் இல்லாதவன்னு எடுத்துக்காதீங்க, ஒருத்தர் தன் வலியை முழு உணர்வோட ஏத்துக்கிட்டாருன்னா அது அவர் நமக்காக எடுத்த முடிவு, வலி நல்லதுங்குறது அதுக்கு அர்த்தம் இல்லன்னாரு. அப்புறம் யோவான் நற்செய்திக்குப் போனாரு, கடைசியில "தாகமாயிருக்கிறது"ன்னு சொல்லி கடற்பஞ்சுல குடுத்த புளிச்ச இரசத்தை அவரு வாங்குறாருல்ல, அதையும் சேத்துப் படிங்கன்னு. தாகம் தப்பு இல்ல, தாகத்துக்குக் கேட்டு வாங்குறதும் தப்பு இல்ல. இங்க எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, சும்மா சொல்லல.

இந்த நாளுக்கு முழு மார்க் குடுக்க முடியாததுக்கு ஒரே காரணம், குடும்பம். குடிக்கிறவன் வலியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனவரு, அவன்கிட்ட அடி வாங்குற பொண்டாட்டி புள்ளைங்க வலிக்கு ஒதுக்குனது ரெண்டு நிமிஷம், அதுலயும் "பொறுமையா செபிங்க" தான் தூக்கலா இருந்துச்சு. போப் இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11ல துன்பத்தைப் பத்தி எழுதுன திருத்தூது மடலைக் கையில வச்சுக்கிட்டேதான் பேசுனாரு, அதுல கடைசிப் பக்கமா, வழியில அடிபட்டுக் கெடந்தவனுக்கு உதவுன நல்ல சமாரியரைப் பத்தின ஒரு பகுதியே இருக்கு, துன்பத்தைப் பாத்தா நின்னு கட்டுப் போடணும்னு. முதல் பாதியைப் பிரசங்கம் பண்ணிட்டு அந்தப் பாதியை விட்டுட்டாரு. வீட்ல அடி விழுதுன்னா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பத்திரமான எடத்துக்குப் போறதும் செபத்துக்கு விரோதம் இல்லன்னு பீடத்துல இருந்து ஒருத்தர் சொன்னா எத்தனையோ பேருக்கு மூச்சு வரும்.

மூணாம் நாள்தான் என்னைப் பிடிச்சாரு. லூக்கா 11, அசுத்த ஆவி ஒருத்தனை விட்டுப் போகுது, அலைஞ்சு திரிஞ்சு எளைப்பாற எடம் கெடைக்காம திரும்பி வருது, வீடு கூட்டி அழகுபடுத்தி இருக்கு, உடனே தன்னை விடப் பொல்லாத ஏழு ஆவியைக் கூட்டிட்டு வந்து குடியேறுது, அவன் நெலமை முன்னை விட மோசமாகுது. மத்தேயு இதையே சொல்லும்போது வீடு காலியா இருந்துச்சுன்னும் சேத்துச் சொல்றாரு. "நாப்பது நாள் கூட்டிப் பெருக்கிட்டு ஈஸ்டர் அன்னிக்குக் கதவைத் தொறந்து வைக்கிறவங்க கை தூக்குங்க"ன்னாரு. யாரும் தூக்கல. நானும் தூக்கல, ஆனா கை வேர்த்துச்சு. ஒறுத்தல், அதாவது நோன்புக்குன்னு விட்டுக்கொடுக்குறதுங்குறது ஒன்னை நிறுத்துறது மட்டும் இல்ல, நிறுத்துன எடத்துல யாரை ஒக்கார வைக்கிறோம்ங்குறதுதான் விஷயம், "என்னால நாப்பது நாள் முடியும்"ங்குற பெருமை ஒக்காந்தா அதுவும் ஒரு போதைதான், சாம்பல் பூசுன போதைன்னாரு. 11 வருஷத்துல ஒரு பிரசங்கியாவது இதைச் சொல்லிருந்தா நான் கொஞ்சம் முன்னாடியே வார்டுக்குப் போயிருப்பேனோ என்னவோ, தெரியல, அப்ப சொல்லிருந்தா கேட்டிருக்கவும் மாட்டேன்.

அடுத்து மேட் டால்பட் கதை. டப்ளின்ல பொறந்தவரு, 1856, சின்னப் பையனா வேலைக்குப் போன எடமே மது வியாபாரி கிட்ட, கூலி மொத்தமும் குடிக்கே போச்சு, 1884ல 28 வயசுல விட்டாரு, 1925ல பூசைக்குப் போற வழியில ரோட்டுல விழுந்து செத்தாரு, ட்ரெஸ்ஸுக்குள்ள ஒடம்பைச் சுத்தி சங்கிலி கட்டியிருந்தது அப்பதான் வெளிய தெரிஞ்சுது. 1975ல போப் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர்னு அறிவிச்சாரு, அது புனிதர் பட்டத்துக்கு முன்னாடி வர்ற ஒரு படி. ஃபாதர் அந்தச் சங்கிலியிலயே பத்து நிமிஷம் ஓட்டிட்டாரு, கூட்டம் வாயைப் பொளந்து கேட்டுச்சு. எனக்கு முக்கியமா படுறது வேற, அவரு மொதல்ல உறுதிமொழி எடுத்தது மூணு மாசத்துக்கு மட்டும்தான், வாழ்நாள் முழுசுக்கும்ங்குறதெல்லாம் அப்புறம் வந்தது. அதைப் போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டாரு.

இன்னொருத்தரை, ஒரு புனிதரை, ஃபாதர் தொடவே இல்ல, எனக்கு அது பெரிய கொறை. மார்க் ஜி தியான்சியாங், சீனாக்காரரு, டாக்டரு. வயித்து வலிக்குன்னு அபின் எடுக்க ஆரம்பிச்சு அடிமையாயிட்டாரு, திரும்பத் திரும்ப அதே பாவத்தைச் சொல்றாருன்னு பாவமன்னிப்பு குடுக்க மாட்டேன்னுட்டாங்க, 30 வருஷம் நற்கருணை இல்லாமலே கோயிலுக்குப் போயிட்டு வந்தாரு, ஆனா வராம இருக்கல. 1900ல வெளிநாட்டுக்காரங்களையும் கிறிஸ்தவங்களையும் எதிர்த்து நடந்த பாக்ஸர் கலகத்துல குடும்பத்தோட பிடிச்சுட்டுப் போனப்ப, என் வீட்டு ஆளுங்க யாரும் தனியா சாகக்கூடாது, என்னைக் கடைசியா வெட்டுங்கன்னு கேட்டவரு. 2000 அக்டோபர் 1ல புனிதர் பட்டம். அபினை ஜெயிச்சதால குடுத்த பட்டம் இல்ல. டால்பட் மாதிரி ஜெயிச்சவர் கதையை மட்டும் சொன்னா, அஞ்சாவது தடவை விழுந்து கெடக்குறவன் "இது நமக்கு இல்ல"ன்னு எந்திரிச்சுப் போயிடுவான், ஜி கதை அவனுக்குத்தான்.

ஏற்பாடு பத்தி ரெண்டு வரி. பாட்டுத்தாள் எழுத்து எறும்பு சைஸு. ஆராதனை அமைதியா நல்லா இருந்துச்சு, ஆனா கீபோர்டு தம்பி அஞ்சு நிமிஷம் கை வைக்காம இருந்திருக்கலாம். ஒப்புரவுக்கு, அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறதுக்கு, மூணு சாமியார் ஒக்காந்தாங்க, வரிசை வாசல் வரைக்கும், ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கூட வரல. 1935ல ஆரம்பிச்ச ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்குற குழு) வச்சிருக்குற பன்னிரண்டு படியில அஞ்சாவது படி கிட்டத்தட்ட இதுதான், செஞ்ச தப்பை கடவுள்கிட்ட, தன்கிட்ட, இன்னொரு மனுஷன்கிட்ட ஒத்துக்கிறது. நான் வார்டுல இருந்து வந்து அதை என் ஸ்பான்சர்கிட்ட (எனக்கு முன்னாடியே விட்டு, அந்தக் குழுவுல எனக்கு வழிகாட்டுனவரு) செஞ்சப்ப மூணு மணி நேரம் ஆச்சு. அந்தப் படிங்களுக்கும் சேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியாரோட ஆன்மீகப் பயிற்சிக்கும் ஒத்துமை இருக்குன்னு கண்டு அந்தக் குழுவோட நட்பாகிட்டவரு எட்வர்ட் டௌலிங்ங்குற சேசு சபை சாமியாருதான், அதுவும் குடிப்பழக்கமே இல்லாதவரு. அப்படி இருக்க, மூணு நாள்ல ஒரு தடவையாவது "இந்த மாதிரி குழு இருக்கு, போங்க"ன்னு அறிவிப்பு பலகையில ஒரு தாள் ஒட்டிருக்கலாம்ல?

ரேட்டிங்: மொத நாள் 2, ரெண்டாம் நாள் 4, மூணாம் நாள் நாலரை. மொத்தமா 5க்கு மூணரை. வீட்ல குடிக்கிறவங்க இருந்தா இழுத்துட்டுப் போகாதீங்க, ரெண்டாம் நாளுக்கு நீங்க மட்டும் போங்க.

ஒப்புரவு வரிசையில எனக்கு முன்னாடி ஒருத்தரு நின்னாரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்லா அயர்ன் பண்ண சட்டை, கையில இருந்த பாட்டுத்தாள் படபடன்னு அடிச்சுக்கிச்சு, ஃபேன் காத்துன்னு அவரு ரெண்டு தடவை மேல பாத்துக்கிட்டாரு. அங்க ஃபேன் இல்ல. நான் பேனா வாங்கி என் தாளுக்குப் பின்னாடி நம்பரை எழுதி, மொதல்ல டாக்டரைப் பாருங்க தம்பி, அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்கன்னு குடுத்தேன். வாங்கி நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சாரு. "நான் தவக்காலம்னு நிறுத்திருக்கேண்ணே, மத்தபடி பழக்கம்லாம் ஒன்னும் இல்ல"ன்னாரு.