வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓட்டம்: டர்பனில் எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாராவது ஓட ஆரம்பித்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "காம்ரேட்ஸ் எப்போ?" என்பதுதான். 1921இல் தொடங்கிய அந்தப் பந்தயம் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கான பயிற்சி சனி, ஞாயிறை முழுசாக விழுங்கிவிடும். சின்னப் பிள்ளைகளும் எட்டு மணி நேர வேலையும் இருக்கும் வீட்டுக்கு அது இப்போதைக்கு வேண்டாம். இங்கே பேசப்போவது வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 18 முதல் 25 கிலோமீட்டர் ஓட்டம் பற்றி. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பகுதிகளில் இருந்து வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடியது அந்த அளவுதான்.

முதலில் நேரக் கணக்கு. 30 நிமிட ஓட்டத்துக்கு 30 நிமிடம் ஒதுக்கினால் இரண்டாவது வாரமே திட்டம் கவிழும். எழுந்து உடை மாற்றப் பத்து நிமிடம், ஓட்டம் முப்பது, வியர்வை அடங்கப் பதினைந்து, குளித்து உடுத்தப் பதினைந்து. ஆக 1 மணி 10 நிமிடம். பலர் விட்டுவிடுவது அந்த வியர்வை நேரத்தைத்தான். பிப்ரவரி மாத ஈரக்காற்றில் ஓடி வந்த சூட்டோடு குளித்தால், துண்டால் துடைத்த பிறகும் உடம்பு வேர்த்துக்கொண்டே இருக்கும். அலுவலகச் சட்டை காரில் ஏறும் முன்பே முதுகில் ஒட்டிக்கொள்ளும். கடைசி ஐந்து நிமிடம் நடந்து வீடு வந்து, மின்விசிறிக்குக் கீழே நின்றபடி பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு குளித்தால் அந்தத் தொல்லை இல்லை. ஹிகின்சன் நெடுஞ்சாலையில் நெரிசல் முற்றும் முன் 6:45க்குக் கிளம்ப வேண்டிய வீடு என்றால் 5:10க்கு எழுந்து 5:20க்குக் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். 5:35 ஆகிவிட்டால் ஓட்டத்தைக் கைவிட வேண்டாம், 15 நிமிடமாகச் சுருக்குங்கள். சுருக்கிய ஓட்டம் பழக்கத்தைக் காப்பாற்றும். "நாளைக்குச் சேர்த்து ஓடிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு காப்பாற்றாது, கெண்டைக்காலையும் கெடுக்கும்.

பழக்கம் நின்றுபோகும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் கால் வலி இல்லை, பொறுப்பை யார் ஏற்பது என்ற குழப்பம். குழந்தை 5:30க்கு விழித்து அழுதால் யார் எழுந்து பார்ப்பது? இது முதல் நாள் இரவே முடிவாகியிருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஓடுபவர்களென்றால் ஒருவருக்குச் செவ்வாய், வியாழன், இன்னொருவருக்குத் திங்கள், புதன் என்று பிரித்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் மூன்றாவது வாரம் சண்டையில் முடியும். வீட்டில் ஆயாவோ தாத்தாவோ இருந்தால் அவர்களையும் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். அவர்கள் எப்படியும் விழித்துத்தானே இருக்கிறார்கள் என்று நினைப்பது நியாயமில்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு விடிகாலை கைகொடுக்காது. பிள்ளையின் கால்பந்துப் பயிற்சியோ நீச்சல் வகுப்போ சனிக்கிழமைத் தமிழ் வகுப்போ நடக்கும் அந்த 45 நிமிடம்தான் அவர்களுடைய நேரம். காரில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதற்குப் பதிலாக மைதானத்தைச் சுற்றலாம். பிள்ளையும் கண் பார்வையில் இருக்கும்.

வார அமைப்பு எளிது. செவ்வாய் 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வியாழன் 30 நிமிடம், நடுவில் 45 விநாடி மேடு ஏறுவது ஆறு முறை; இறங்கும்போது நடை. சாட்ஸ்வொர்த்தில் மேட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஞாயிறு 50 முதல் 75 நிமிடம். கூட்டுவதாக இருந்தால் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. அதே முயற்சிக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாகப் போனாலும் அது பின்னடைவு இல்லை. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்தால் ஜனவரியிலும் ஒரு மணி நேரம் தாங்கும். இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் மேடு வேண்டாம். காய்ச்சல் என்றால் ஓட்டமே வேண்டாம்.

சாலை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே வண்டிகள் இடதுபக்கம் போவதால், எதிரே வரும் வண்டி தெரிய நாம் வலது ஓரத்தில் ஓடுகிறோம். மழைத்தண்ணீர் வடியச் சாலை ஓரம் சரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் வலது ஓரமே என்பதால், எப்போதும் வலது பாதம்தான் தாழ்வில் விழுகிறது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் ஒருபக்க இடுப்பும் முழங்கால் வெளிப்புறமும் வலிக்கத் தொடங்கும். ஷூவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. வாரத்தில் ஒரு ஓட்டமாவது தட்டையான தரையில் இருக்கட்டும்: மைதானம், அல்லது கடற்கரை நடைபாதை. நடைபாதையில் காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்றோடு திரும்புவது நல்லது. களைத்த பிறகு வடகிழக்குக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஜூனில் ஏழு மணியை நெருங்கும். அதனால் குளிர்காலத்தில் விளக்கு கட்டாயம். 200 முதல் 300 லூமன் ஒளி போதும். நெற்றியில் கட்டுவதைவிட இடுப்பில் கட்டினால் குழிகள் நன்றாகத் தெரியும். ஒளி தாழ்வாக விழும்போது குழிக்கு நிழல் உண்டாகிறது, நெற்றி விளக்கில் சாலை முழுக்கச் சமமாகத் தெரிந்து ஏமாற்றும். இருட்டில் தனியாக ஓட வேண்டாம், காதில் இரண்டு பக்கமும் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் நின்று, அதன் பக்கம் திரும்பி, மெதுவாகப் பின்வாங்குங்கள். கேட் ரிமோட்டைச் சின்ன ஜிப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வியர்வை உப்பு உள்ளே இறங்கினால் பட்டனுக்குக் கீழே பச்சைக் களிம்பு பிடித்துப்போகும். மின்வெட்டில் கேட் பேட்டரி செத்துவிட்டால் என்ன செய்வது என்று பக்கக் கதவுச் சாவியும் கூட இருக்கட்டும்.

செலவு என்று பார்த்தால் முதல் பணம் இரண்டாவது ஜோடி ஷூவுக்குப் போகட்டும், கடிகாரத்துக்கு இல்லை. டர்பன் கோடையில் நனைந்த ஷூ ஒரே நாளில் காயாது. ஈரத்தோடு போட்டால் கொப்புளமும் பூஞ்சையும் வரும். உள்தகட்டை உருவி வெளியே வைத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலில் விடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். வாங்கிய தேதியை ஷூ நாக்கின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள், நினைவை நம்ப வேண்டாம். பக்கவாட்டு நுரையில் ஆழமான சுருக்கங்கள் நிலைத்துவிட்டால், மேல்பாகம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அது இனி சந்தைக்குப் போட்டுப் போகிற ஷூதான்.

குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடும் வண்டி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து கழுத்து உறுதியாக நின்ற பிறகுதான், அதுவும் மருத்துவரிடம் கேட்டு. முன்சக்கரத்தைப் பூட்டாமல் ஓடினால் வண்டி உதறும். மணிக்கட்டு வாரைக் கட்டாமல் இறக்கத்தில் இறங்கவே கூடாது. நடைபாதையில் அருமையாக ஓடும்; சாட்ஸ்வொர்த் மேடுகளில் அது தண்டனை. புல் ஓர முள் டயரைக் குத்தும், டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

புரட்டாசியில் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் நீள ஓட்டத்தைச் சனிக்கு மாற்றாமல் ஞாயிறிலேயே வைத்துக்கொள்ளலாம். அசைவம் நிறுத்திய மாதத்தில் பருப்பும் பீன்ஸ் கறியும் கூடுதலாக இருந்தால் களைப்பு தெரியாது. தைப்பூசம் வருவது கோடை உச்சத்தில். காவடி எடுத்து வெறுங்காலில் சூடான தாரில் நடந்தவர்களுக்கு அடுத்த வாரம் ஓட்டம் கிடையாது. கொப்புளத்தை உடைக்காமல் விடுங்கள். புதுத்தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, வலியில்லை என்றால் மட்டும் காலுறை போட்டுப் புல் மைதானத்தில் பதினைந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். எரிந்தால் இன்னும் மூன்று நாள் பொறுக்கலாம்.