வெட்டு சுத்தம், வாசல்தான் குப்பை

சேலம் அழகாபுரத்தில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் தோழி ஒருத்தி, "உங்க வீட்டு வேம்பைக் கழிக்க வர்ற ஆளுங்க எப்படி? நம்பர் தர்றியா?" என்று கேட்டிருக்கிறாள். ரெண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. ஏழெட்டு வருஷமாக அதே குழுவைத்தான் கூப்பிடுகிறோம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இப்போது அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். முன்னால் வேம்பு, பின்னால் ஒரு மல்கோவா மா, மதிலோரம் தென்னை. பக்கத்துக் காலி மனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் பாதி எங்கள் மாடிக்கு மேல்தான். சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் மழைக்கு முன்னால் காற்று வந்துவிடும். கிளை ஒடிந்து ஒயர் மேல் விழும், தெருவே இருட்டாகும். பெரிய மரம் வைத்திருக்கிற வீட்டுக்கு நம்பிக்கையான ஆள் தேவைதான்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. இவர்கள் கிளை எடுக்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மேலே ஏறுகிற தம்பிக்கு ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வருஷா வருஷம் கழித்துவிடுவார்களே, அந்த வேலையில் வளர்ந்தவர். மிளகுக் கொடி சுற்றிய மரத்தில் கொடி நோகாமல் ஏறி, காப்பிச் செடி மேல் விழாமல் கிளையை இறக்கிப் பழகிய கை.

தடித்த கிளையை ஒரே அறுப்பில் எடுக்கவே மாட்டார். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுப்பார். அப்புறம் அதற்கு நாலு விரல் வெளியே மேலிருந்து அறுப்பார். கிளை முறியும்போது பட்டை அடிமரம் வரைக்கும் உரிந்துகொண்டு போகாது, முதல் அறுப்போடு நின்றுவிடும். கப்பியில் வடம் போட்டுக் கீழே ரெண்டு பேர் பிடித்திருப்பார்கள், கிளை மெதுவாக இறங்கும். மிஞ்சிய கட்டையை மூன்றாவது அறுப்பில் எடுப்பார். திறமை தெரிவது அங்கேதான். கிளை தொடங்குகிற இடத்தில் பட்டை மடிப்பு விழுந்து ஒரு புடைப்பு இருக்கும். கிளையின் கழுத்து அது. அடிமரத்தை ஒட்டி வழவழவென்று சீவாமல், அந்தக் கழுத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுப்பார்.

இது ஏன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1970களில் விளக்கியிருக்கிறார். நம் தோலில் புண் ஆறுகிற மாதிரி மரத்துக்கு ஆறாது. அழுகல் உள்ளே பரவாமல் தடுப்பு எழுப்பி அந்த இடத்தை அடைத்துவிட்டு, மேலே புதிதாக வளர்ந்து மூடிக்கொள்ளும். அந்தத் தடுப்பு எழுகிற இடமே கழுத்துதான். அதையும் சேர்த்துச் சீவினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அழுகல் நேரே அடிமரத்துக்குள் போகும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதும் அழுகலைத் தடுக்காது. எங்கள் குழுவின் மேஸ்திரி வேம்புக்கு எதுவும் பூச வேண்டாம் என்பார், மாவுக்கு மட்டும் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவச் சொல்வார்.

போன வாரம் வேம்பில் விரல் வைத்தே பார்த்தேன். இந்தத் தம்பி முதன்முதலில் எடுத்த கிளையின் இடத்தில் சுற்றிலும் பட்டை உருண்டு தடித்து எழுந்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவு மட்டும் திறந்திருக்கிறது. அதற்குக் கீழேயே, முன்பு வந்த ஆட்கள் ஒட்டச் சீவிய இடம் மேலும் கீழுமாகப் பிளந்து, உள்ளே பொந்து விழுந்து, கரையான் மண் ஏறிக் கிடக்கிறது. ஒரே மரம், ஒரே மண். வித்தியாசம் அறுத்த இடம் மட்டும்தான்.

தூங்குமூஞ்சியின் கதை இன்னும் மோசம். மனைக்காரர் வேறு ஒரு கூட்டத்தை விட்டு மொட்டையடிக்க வைத்தார். கூலி கிடையாது, விறகை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அடுத்த மழைக்கே வெட்டிய முனை எல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, மரம் முன்னைவிட அடர்த்தியாகத் தெரிந்தது. அந்தத் துளிர் எல்லாம் மரத்தின் மேல் அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவை, உள்ளே பிடிமானம் இல்லை. கொஞ்ச வருஷத்தில் அவையே தொடை பருமன் ஆகி, இந்தச் சித்திரைக் காற்றில் ஒரு கொத்து முழுசாகப் பிய்ந்து எங்கள் மாடித் தண்ணீர்க் குழாயை உடைத்துக்கொண்டு விழுந்தது. குழாயைச் சரி செய்துவிட்டோம். மரம் சரியாகாது.

விறகையே கூலியாக எடுத்துக்கொள்கிறவர்களிடம் கழிக்கிற வேலையைத் தராதீர்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். விறகு எடைக்குப் போகிற பொருள். எடை இருப்பது தடித்த, நல்ல கிளையில். மரத்துக்கு நாம் எடுக்க வேண்டியதோ பட்டுப்போனது, ஒன்றோடொன்று உரசுவது, ஒயர்ப் பக்கம் நீள்வது. அதில் காசு இல்லை. வேரோடு எடுக்கிற வேலையில் அந்தப் பேரம் சரி, கழிப்பில் அது மரத்துக்கு எமன். எங்கள் குழு முழுக் கூலி பேசும், விறகுக்குத் தனியாக விலை போட்டு அதில் கழித்துக்கொள்ளும். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கச் சொன்னாலும் எடுக்காது. ஒரு தடவை என் வீட்டுக்காரர் பாதியாகக் குறைக்கச் சொன்னபோது மேஸ்திரி, "அத்தனையும் எடுத்தா மரம் பதறிப்போய்க் கண்டபடி துளுத்துடுங்கண்ணா" என்று சொல்லி வடத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒயர் பக்கத்து வேலையை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில்தான் வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கும் லைன்மேன் வந்து உறுதி செய்யாமல் தம்பி ஏற மாட்டார், பச்சை மரத்தில் மின்சாரம் பாயும் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு முறை வேலியோரப் புதரை அரிவாளால் சுத்தம் செய்யும்போது ஒரு கன்றை மட்டும் விட்டுவிட்டார். பறவை போட்ட விதையில் முளைத்த சந்தனம். நம் வீட்டுக்குள்ளேயே நின்றாலும் சந்தனத்தை வனத்துறையைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். தெருவோர மரத்தையும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் தொடவே மாட்டார்கள்.

இத்தனை நல்லவர்கள் மேல் என்ன கோபம்? தழை.

வேலை முடிந்த சாயந்திரமே விறகு டாடா ஏஸில் ஏறிப் போய்விடும். தழையும் மிலாறு என்கிற சின்னக் குச்சிகளும் வாசலில் கிடக்கும். "நாளைக்குக் காலைல வண்டி வந்துடுங்க்கா." வராது. மறுநாள் கூப்பிட்டால், "நாளைக்குங்க்கா." விறகுக்கு விலை இருக்கிறது, தழைக்கு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. வேப்பந்தழையில் கொஞ்சத்தை ஆட்டுக்காரர்கள் கொண்டுபோவார்கள். மிச்சம் காய்ந்து இலை முழுக்க உதிரும். தூங்குமூஞ்சியின் பொடி இலை காற்றில் பறந்து சாக்கடை வாயை அடைக்கும். குச்சி மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்கூட்டரில் போகிற பிள்ளைகள் காலைக் கிழித்துக்கொள்வார்கள். வீட்டுக் குப்பை வண்டியில் இதை ஏற்ற மாட்டார்கள், அதில் இடமும் இல்லை. போன வருஷம் ராத்திரியில் யாரோ அந்தக் குவியலுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு மதில் கரியாகி, கேபிள் ஒயர் உருகிப்போனது. வெள்ளையடித்துக் கொடுத்தது நாங்கள். அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அதனால் இந்தத் தடவை, உடைந்த தூங்குமூஞ்சிக் கிளைகளையும் வேம்பையும் கழிக்கப் பேசும்போதே, தழைக்கு வண்டி வாடகை தனியாகத் தருகிறேன் என்று சொன்னேன். சரிங்க்கா என்றார்கள். கூலியோடு சேர்த்துக் கையில் கொடுத்தேன். விறகு போனது, பணம் போனது, குவியல் அங்கேயேதான் இருக்கிறது. முன்பெல்லாம் சோம்பல் என்று விட்டுவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு செய்யாமல் போவதை அப்படி விட முடியவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வண்டி அவர்களுடையது இல்லை. கோடைமழை முடிந்தால் ஊர் முழுக்க விழுந்த மரம், போன் ஓயாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அறுபதடி உயரத்தில் தொங்குகிறவரிடம் போய்க் குப்பைக்குச் சண்டை போடுவதா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். தழையை அங்கேயே அரைத்துத் தூளாக்கித் தருகிற மிஷின் ஒன்றை யாராவது வாடகைக்கு விட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. பொறுக்க முடியாமல் நானே கொஞ்சம் வேப்பந்தழையை அள்ளி, தூரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி மாமரத்தைச் சுற்றி மூடாக்கு போட்டேன், மண் ஈரம் நன்றாக நிற்கிறது. ஆனால் பெரிய குவியலை ஒரு வீட்டுத் தோட்டத்தில் எங்கே போடுவது?

வேலைத் திறமைக்கு மார்க் போடச் சொன்னால் நூற்றுக்கு நூறு போடுவேன், சேலத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஆவணியில் மல்கோவாவைக் கவாத்து செய்ய இவர்களைக் கூப்பிடப் போவதில்லை. தோழிக்கும் நம்பர் தரப் போவதில்லை. வீட்டுக்காரர் இது அநியாயம் என்கிறார், இருக்கட்டும். அவள் வேறு ஆளைப் பார்க்கட்டும். அறுப்பு ஆரம்பிக்கும் முன் கழுத்து எது என்று மரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டட்டும். கூலியில் பாதியைத் தழை வண்டியில் ஏறிய பிறகு கொடுக்கட்டும்.