கரும்புச் சாற்றுக்கு எந்த நொதி?

மொரீஷியஸில் கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் அதன் சர்க்கரையான சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபுரக்டோஸும் ஆகிவிடும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, சாற்றில் கரைந்திருப்பதை மொத்தமாக மட்டும் காட்டும் பிரிக்ஸ் மானி உதவாது, நொதி வேண்டும். ஈஸ்டிலிருந்து எடுக்கும் ஹெக்சோகைனேஸா, பூஞ்சையிலிருந்து எடுக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸா என்று ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் குழம்புகிறார்கள். கரும்பு என்றால் நான் தயங்காமல் ஹெக்சோகைனேஸ் பக்கம்தான்.

காரணம், அது குளுக்கோஸோடு நிற்பதில்லை. உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து, குளுக்கோஸுக்கு மாட்டுவதுபோல ஃபுரக்டோஸுக்கும் மாட்டிவிடும். அப்படிக் கிடைக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை அடுத்த நொதியான டிஹைட்ரஜனேஸ் ஆக்சிஜனேற்றும்போது, கூடவே விடும் என்ஏடிபி என்ற துணைப்பொருள் என்ஏடிபிஹெச் ஆகிறது. அது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும்; அந்த உறிஞ்சல் மேலேறி, ஓரிடத்தில் நின்றுவிடும். அப்போது ஃபுரக்டோஸ் பாஸ்பேட்டைக் குளுக்கோஸ் பாஸ்பேட்டாக மாற்றும் ஐசோமரேஸ் ஒரு சொட்டு விட்டால் ஃபுரக்டோஸின் பங்கு இரண்டாவது படியாக ஏறும். இன்னொரு குப்பியில் முதலிலேயே சுக்ரோஸை உடைக்கும் நொதியான இன்வர்டேஸ் சேர்த்தால் சுக்ரோஸின் கணக்கும் வந்துவிடும். என்ஏடிபிஹெச் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று சொல்லும் உறிஞ்சல் கெழு 6220 என்பது தெரிந்த எண். ஒரு சர்க்கரை மூலக்கூறுக்கு ஒரு என்ஏடிபிஹெச் என்பதால் தர வளைகோடு வரையாமலே கணக்கிடலாம்.

ஆக்சிடேஸுக்கு ஃபுரக்டோஸ் கண்ணிலேயே படாது. அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி சாயம் ஏற்றுகிறது. சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் நடுவில் புகுந்து பெராக்சைடைத் தின்றால் அளவு குறைந்து காட்டும். மற்றபடி மலிவு, சாதாரண நிறமானியே போதும், இளஞ்சிவப்பு கண்ணுக்கே தெரியும். பள்ளிக்கூடச் செய்முறைக்கு அதுவே மேல்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. ஈஸ்டே இன்வர்டேஸின் ஊற்று. சுத்திகரிப்பு சரியில்லாத ஹெக்சோகைனேஸில் அதன் துளி ஒட்டிக்கொண்டிருந்தால், சுக்ரோஸ் மலையாகக் கிடக்கும் கரும்புச் சாற்றில் குளுக்கோஸ் அளவு நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆக்சிடேஸ் தயாரிப்புகளிலும் இந்தக் கலப்பு உண்டு. சுத்தமான சுக்ரோஸை மட்டும் விட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஈஸ்ட் ஹெக்சோகைனேஸிலும் பிஒன், பிடூ என இரு வகை உண்டு. ஃபுரக்டோஸில் பிஒன் வேகம். முடிவுவரை காத்திருந்து அளப்பவருக்கு எதுவானாலும் சரி.

செலவுதான் இடிக்கும். ஏடிபி, என்ஏடிபி இரண்டும் தீவுக்கு வெளியிலிருந்து குளிரில் வர வேண்டும். அம்மோனியம் சல்பேட்டில் பால்போல் மிதக்கும் நொதியை உறையவிடாமல் 4 டிகிரியில் வையுங்கள். எடுக்கும் முன் மெல்லக் கலக்குங்கள், நுரை பொங்கக் குலுக்க வேண்டாம்.