பி.எட். முதலா, உளவியல் முதலா? சேலத்து மாணவருக்கு ஓர் ஏழாண்டுக் கணக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை "டீச்சராகவும் ஆகணும், சைக்காலஜியும் படிக்கணும்" என்று சொன்னால், எங்கே தொடங்குவது என்று வீட்டில் யாருக்கும் பிடிபடுவதில்லை. பிரிட்டனில் இந்த இரண்டையும் ஒரே பட்டமாகத் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. நம்மூரில் துறையும் வேறு, விதியும் வேறு. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே உளவியல் துறையும் கல்வியியல் துறையும் தனித்தனியாகத்தான் இயங்குகின்றன. சேலத்தைச் சுற்றியுள்ள பி.எட். கல்லூரிகள் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இரண்டையும் ஒட்டவைக்கும் வேலை மாணவருடையது. எந்த வரிசையில் ஒட்டவைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வழிகள் மூன்று. முதல் வழியில் பள்ளிப் பாடம் ஒன்றில் (தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வரலாறு போல) இளங்கலை, பிறகு பி.எட்., பிறகு எம்.எஸ்சி. உளவியல். இரண்டாவது வழியில் பி.எஸ்சி. உளவியல், எம்.எஸ்சி. உளவியல், கடைசியாக பி.எட். மூன்றாவதில் இளங்கலை, பி.எட்., எம்.எட்.; உளவியல் என்பது பி.எட்., எம்.எட். பாடங்களுக்குள் வருவது மட்டுமே. எதை எடுத்தாலும் மூன்று, இரண்டு, இரண்டு என ஏழாண்டுகள். ஆகவே எது சீக்கிரம் முடியும் என்ற கேள்விக்கு இடமில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில் பணமுடையிலோ, கல்யாணத்திலோ, வேறு காரணத்திலோ படிப்பு நின்றால் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். அங்கேதான் மூன்றும் பிரிகின்றன.

ஐந்தாம் ஆண்டில் கையில் இருப்பது

முதல் வழியில் ஐந்தாம் ஆண்டு முடிவில் பட்டமும் பி.எட்.டும் இருக்கும். டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுதலாம். மொத்தம் 150 மதிப்பெண்; அதில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. தனியார் பள்ளியில் அன்றே வேலைக்குச் சேரலாம். உளவியல் இனிமேல்தான்.

இரண்டாவது வழியில் எம்.எஸ்சி. உளவியல் கையில் இருக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் பணிக்கு இது போதும். அந்த வாரியத்தின் 2018 இணைப்பு விதிகளிலேயே ஆலோசகர் பணியிடம் கட்டாயம். 9 முதல் 12 வரை 300-க்கும் குறைவாகப் பிள்ளைகள் இருந்தால் பகுதிநேரமாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது விதி இருந்தது. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் முதல் ஏற்காட்டில் விடுதியோடு நடக்கும் பள்ளிகள் பல. வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் இரவும் பகலும் தங்கும் இடத்தில் ஆலோசகரின் வேலை பகல்பள்ளியில் இருப்பதைவிடப் பலமடங்கு. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை இந்த வழியில் கைக்கு எட்டாது. மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலைக்கு உளவியல் ஒரு பாடமாக இல்லை. ஆகவே முதுகலை ஆசிரியர் தேர்வின் பாடப் பட்டியலிலும் அது கிடையாது.

மூன்றாவது வழியின் ஐந்தாம் ஆண்டு முதல் வழியைப் போலத்தான்.

பலரை வீழ்த்தும் விதி

இரண்டாவது வழியை எடுக்க நினைப்பவர்கள் இந்த இடத்தை இருமுறை படிக்க வேண்டும். தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை நெறிமுறைகளில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. பொருளாதாரம், வணிகவியல், மனையியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல், தத்துவம் ஆகியவற்றை இளங்கலையில் படித்தவர்கள் அதே பாடத்தில் முதுகலையும் முடித்திருந்தால்தான் பி.எட்.டுக்கு விண்ணப்பிக்க முடியும். "மூணு வருஷம் சைக்காலஜி, அப்புறம் ரெண்டு வருஷம் பி.எட்." என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்கள் நான்காம் ஆண்டில் கதவு மூடியிருப்பதைக் காண்கிறார்கள். எம்.எஸ்சி. இடம் கிடைக்கவில்லையென்றால் பி.எட்.டும் இல்லை. நீங்கள் சேரும் ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் "தகுதி" பகுதியை முழுதாகப் படித்துவிட்டுத்தான் பி.எஸ்சி. உளவியலில் கையெழுத்துப் போட வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தடை உண்டு. எம்.எஸ்சி. உளவியலுக்கு எந்த இளங்கலையையும் ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. உளவியல் இளங்கலைதான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் இருக்கின்றன. முதல் வழிக்காரர் பி.எட். இரண்டாம் ஆண்டிலேயே எந்தப் பல்கலைக்கழகம் தம் பட்டத்தை ஏற்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். 'உளவியல்', 'பயன்பாட்டு உளவியல்', 'ஆலோசனை உளவியல்' என்று பெயர் மாறினால், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு பட்டமும் சமம் என்று காட்டும் இணைச் சான்று கேட்பார்கள்.

அஞ்சல்வழி இனி இல்லை

இதற்கு முன்பு சேலத்தில் ஆசிரியர் பலர் செய்துவந்தது எளிது: வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. உளவியல். அந்தப் பாதையை 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு அடைத்துவிட்டது. உளவியல் 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டத்துக்குள் வருவதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து அதைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று உத்தரவு. "ஆன்லைனில் எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று யாராவது இப்போது விளம்பரம் செய்தால் பணத்தைக் கட்டுவதற்கு முன் மானியக் குழுவின் பட்டியலைப் பாருங்கள்.

இதனால் முதல் வழியின் கணக்கே மாறுகிறது. பி.எட். முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு உளவியல் படிக்க வேண்டுமானால் ஊதியமில்லா விடுப்பில்தான் போக வேண்டும். குடும்பம் தாங்குமானால் பி.எட். முடித்த கையோடு எம்.எஸ்சி.யில் நேரடியாகச் சேர்ந்துவிடுவதே நல்லது. இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடுபவர்களில் பலர் பிறகு போவதே இல்லை.

"ஒரே நேரத்தில் ரெண்டு பட்டம் படிக்கலாம்னு 2022-ல சொன்னாங்களே" என்று கேட்கலாம். விதி அப்படித்தான், ஆனால் நேரம் மோதக் கூடாது. பி.எட்.டுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள். வகுப்பில் 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடு வருகை. எம்.எஸ்சி.யில் ஆய்வக வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும். இரண்டையும் ஒரே ஆண்டில் நேர்முறையில் முடிப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

உள்ளே என்ன படிப்பீர்கள்

பி.எட்.டில் வரும் உளவியலும் எம்.எஸ்சி. உளவியலும் ஒன்றுதான் என்று நினைப்பதுதான் மூன்றாம் வழிக்காரர்களின் பெரிய தவறு. பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர் பெயர்கள் இரண்டிலும் வரும். பி.எட். கேட்கும் கேள்வி "நாளை வகுப்பில் என்ன செய்வீர்கள்?" எம்.எஸ்சி. கேட்கும் கேள்வி "அதை எப்படி அளந்தீர்கள்?"

ஓர் எடுத்துக்காட்டு. சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிக்கு வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி. வாசிக்கத் தடுமாறுகிறாள். பயிற்சிக்குப் போன பி.எட். மாணவர், எந்த எழுத்தில் தடுக்குகிறாள், கூட்டெழுத்திலா, நெட்டெழுத்திலா, சொல் தெரியாமலா, எழுத்தே தெரியாமலா என்று பார்த்து, மூன்று வாரத்துக்குப் பாடம் வகுத்து, தனியாள் ஆய்வு ரெக்கார்டில் எழுதுவார். நல்ல வேலை இது, உடனே பயன் தருவதும்கூட.

உளவியல் மாணவர் வேறிடத்தில் தொடங்குவார். முதலில் கண்ணும் காதும் பரிசோதித்தாயிற்றா? பிறகு நுண்ணறிவை அளக்கும் ரேவனின் வண்ண வடிவச் சோதனை: 36 கேள்வி, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தொகுதி, மொழியே தேவையில்லை. பிறகு எண் நினைவுச் சோதனை: சொல்லும் எண்வரிசையைப் பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். இது பார்க்க எளிது. கெடுப்பது அதைவிட எளிது. நொடிக்கு ஓர் எண், குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்ல வேண்டும். புதியவர்கள் தம்மையறியாமல் போன் நம்பர் சொல்வதுபோல "நாலு ஏழு... ரெண்டு ஒன்பது" என்று இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு அப்படிக் கேட்பது எளிது. மதிப்பெண் பொய்யாக ஏறிவிடும். ஒரே நீளத்தில் இரண்டு முறையும் தவறினால் அங்கே நிறுத்த வேண்டும். பாவம் என்று மூன்றாவது வாய்ப்புக் கொடுத்தால் அது சோதனையே அல்ல.

இந்தச் சிறுமிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் வீட்டில் பேசும் தமிழ் பாடநூல் தமிழ் அல்ல. சொற்களை வைத்துக் கேட்கும் நுண்ணறிவுச் சோதனையைப் பாடநூல் தமிழில், விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், மற்றப் பிள்ளைகள் எட்டிப்பார்க்கும் வராந்தாவில் நடத்தினால் வரும் எண் அவள் அறிவைச் சொல்லாது. அவளுக்கு அந்த மொழி எவ்வளவு புதிது, அந்த இடம் எவ்வளவு பயம் என்பதைத்தான் சொல்லும். அந்த எண்ணை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் ஆண்டு முழுக்க அது அவள் நெற்றியில் ஒட்டியிருக்கும். இரண்டு படிப்பும் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். சோதனை தெரிந்தவருக்கு வகுப்பறை தெரியாது. வகுப்பறை தெரிந்தவர் எண்ணைக் கண்டு மிரள்கிறார்.

இரண்டும் கைகோக்கும் இடம் வினா ஆய்வு, அதாவது தேர்வில் ஒவ்வொரு வினாவும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. 40 பேர் எழுதிய தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு என்றால் தலா 11 பேர். ஒரு வினாவுக்கு மேல்குழுவில் 9 பேர், கீழ்குழுவில் 3 பேர் சரியாக எழுதினால் எளிமைக் குறியீடு 12-ஐ 22-ஆல் வகுத்தால் 0.55. பிரித்தறியும் குறியீடு, அதாவது இரு குழுவுக்கும் உள்ள வித்தியாசமான 6-ஐ 11-ஆல் வகுத்தால் அதுவும் 0.55. நல்ல வினா. கீழ்குழுவில் அதிகம் பேர் சரியாக எழுதி மேல்குழு தவறினால் விடைக்குறிப்பிலோ வினாவின் சொல்லமைப்பிலோ பிழை இருக்கிறது என்று பொருள். பி.எட்.டில் இதை ஒருமுறை ரெக்கார்டுக்காகச் செய்வார்கள். எம்.எஸ்சி. முடித்தவர் அதையே வைத்துத் தம் பள்ளியின் காலாண்டுத் தேர்வைச் சீராக்க முடியும்.

எம்.எட். யாருக்கு

பி.எட். கல்லூரியில் பாடம் நடத்த விரும்புபவருக்கு. அங்கே கல்வி அடிப்படைப் பாடங்களுக்கு சமூக அறிவியல் முதுகலையில் 55 விழுக்காடும் எம்.எட்.டில் 55 விழுக்காடும் கேட்கிறது தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 நெறிமுறை. அல்லது எம்.ஏ. கல்வியியலும் பி.எட்.டும் இருந்தாலும் போதும். கல்வி உளவியல் நடத்தும் விரிவுரையாளர் ஆக நினைப்பவர் எம்.எஸ்சி. உளவியலையும் எம்.எட்.டையும் சேர்த்து ஒன்பதாண்டு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் உளவியலுக்குப் பாட எண் 04, கல்வியியலுக்கு 09. தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

மருத்துவ உளவியலர் ஆக ஆசைப்படுபவருக்கு பி.எட்.டும் உதவாது, எம்.எட்.டும் உதவாது. எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவும் கூடாது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். பள்ளி ஆலோசகர் கற்றல் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம், சான்று தர முடியாது. பிள்ளையைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

எங்கள் தேர்வு

வகுப்பறையில் நிற்க ஆசையிருந்தால், வீட்டில் ஐந்தாண்டுக்குமேல் தாங்காது என்றால், முதல் வழி. தனி அறையில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதே விருப்பம், கரும்பலகை வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டாவது வழி. அங்கே கடைசி பி.எட். சி.பி.எஸ்.இ. மேல்நிலையில் உளவியல் பாடம் எடுக்க மட்டுமே தேவைப்படும், விட்டாலும் நட்டமில்லை. பிளஸ் டூ முடிக்கும்போதே உறுதியாக இருப்பவர்கள் மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தின் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டையும் பாருங்கள். தென்மாநிலங்களுக்கானது அது, தேசிய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், ஓராண்டு மிச்சம். ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியருக்கும் அங்கே ஒன்று உண்டு: வழிகாட்டுதலிலும் ஆலோசனையிலும் ஓராண்டுப் பட்டயம், ஆறு மாதம் வீட்டிலிருந்தபடி, மூன்று மாதம் நேரில், மூன்று மாதம் பயிற்சி.

மலையிலிருந்து வரும் மாணவருக்கு ஒரு சொல். பி.எட். பள்ளிப் பயிற்சி முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துப் பள்ளிக்கு 16 வாரம் போய்வந்து 90 விழுக்காடு வருகை காட்டுவது கடினம். மழைக்காலத்தில் இன்னும் கடினம். ஏற்காட்டுப் பள்ளி வேண்டும் என்று கல்லூரியில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வர நாளாகும். பி.எட்.டுக்குப் பொதுப்பிரிவில் 50 விழுக்காடு கேட்கும் இடத்தில் பழங்குடியினருக்கு 40 போதும். ஆனால் அதற்குக் காட்ட வேண்டிய பழங்குடிச் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணையும் உண்டு. கல்லூரி இறுதித் தேர்வுக்கு முன்பே அந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள்.