பைடான்டிக்: டர்பன் உறுப்பினர் பட்டியல்களோடு இரண்டு ஆண்டுகள்

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கோயில் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்கள் எக்ஸெலிலிருந்து சிஎஸ்வி கோப்பாகத்தான் வந்து சேரும். ஒவ்வொரு வரியையும் பைத்தான் ஆப்ஜெக்ட் ஆக்கும் வேலையை, தரவைச் சரிபார்த்து வகை மாற்றும் பைத்தான் நூலகமான பைடான்டிக்கிடம் விட்டு இரண்டு ஆண்டு ஆகிறது.

அந்த ஆப்ஜெக்டுக்கான கிளாஸைக் கையால் எழுதினால், 14 பத்தி உள்ள கோப்புக்கு ஒவ்வொரு பத்திப் பெயரும் மூன்று இடத்தில் வரும்: ஆப்ஜெக்டை உருவாக்கும் இனிட் ஃபங்ஷனின் அடைப்புக்குள், அதைச் செல்ஃபில் (அந்த ஆப்ஜெக்டில்) வைக்கும் வரியில், கோப்பிலிருந்து எடுத்து மாற்றும் இடத்தில். மொத்தம் 42. பைத்தான் 3.7-இல் வந்த, இனிட்டைத் தானே உருவாக்கும் டேட்டாகிளாஸ் முதல் இரண்டையும் எழுதவிடாமல் காப்பாற்றும். மூன்றாவது அப்படியே நிற்கும். வயது முழு எண் என்று அறிவித்தாலும் "12" என்ற ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) டேட்டாகிளாஸ் மறுபேச்சின்றி வாங்கி வைத்துக்கொள்ளும். பைடான்டிக் எண்ணாக மாற்றும். முடியாவிட்டால் எந்தப் பத்தி என்று சொல்லிப் பிழை தரும்.

பெரிய மிச்சம், வகைகளுக்குத் தனிப் பெயர் வைத்த பிறகு கிடைத்தது. தென்னாப்பிரிக்க அமைப்பிலுள்ள விண்டோஸில் ரேண்ட் தொகை "1 250,50" என்று வரும். இடைவெளியை நீக்கி, காற்புள்ளியைப் புள்ளியாக்கும் ஃபங்ஷனை, சரிபார்ப்புக்கு முன் ஓடும் பிஃபோர்வேலிடேட்டரில் போட்டு, வகையோடு கூடுதல் விதியை இணைக்கும் அனோடேட்டட் கொண்டு 'தொகை' என்ற வகையாக்கினால், சந்தா, நன்கொடை எல்லா கிளாஸிலும் அந்த ஒரு சொல் போதும். அந்த இடைவெளி பல நேரம் சாதாரண ஸ்பேஸ் அல்ல, உடையாத ஸ்பேஸ் (வரி முறியாதபடி போடும் வேறு எழுத்து). அதையும் சேர்த்து நீக்குங்கள்.

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் கவனம் வேண்டும். அது 13 இலக்கம். 2004-இல் பிறந்தவருக்கு 04 என்று தொடங்கும். கோப்பை எக்ஸெலில் ஒருமுறை திறந்து சேமித்தாலே முன் சுழியம் போய்விடும். கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும் லூன் சோதனை இதைப் பிடிக்காது: அது வலமிருந்து கூட்டுவது, முன்னால் இருக்கும் சுழியம் கூட்டுத்தொகையை மாற்றாது. எனவே வகை ஸ்ட்ரிங், நீளம் சரியாக 13, அதற்குப் பிறகே லூன்.

மிக மோசமான பிழை சத்தமே இல்லாமல் வருவது. தெரியாத பத்திகளைப் பைடான்டிக் இயல்பாகவே கண்டுகொள்ளாது. சங்கத்தில் யாராவது "ஃபோன்" என்ற தலைப்பை "செல்" என்று மாற்றினால், கிளாஸில் ஃபோனுக்கு இயல்பு மதிப்பு காலி என்று வைத்திருந்தால், அத்தனை பேரின் எண்ணும் காலியாகும்; பிழைச் செய்தி வராது. எக்ஸ்ட்ரா அமைப்பை ஃபர்பிட் என்று வையுங்கள்; தெரியாத பத்தி வந்தால் பிழை தரும். வைத்ததும் முதல் தலைப்பே தவறு என்று வந்தால், காரணம் எக்ஸெல் கோப்பின் முன்னால் ஒட்டும் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி. அந்தக் குறியை நீக்கிப் படிக்கும் யுடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தில் கோப்பைத் திறந்தால் தீரும்.

நாலைந்து பத்தி, ஒரே தடவை ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் இதெல்லாம் வேண்டாம், டேட்டாகிளாஸ் போதும்.