கோபோகலெக்ட்: வெளிக்களத்துக்கு நல்ல செயலி, வினாவை மட்டும் நீங்கள்தான் திருத்தவேண்டும்

வீடு வீடாகப் போய் வினாக் கேட்டு விடைகளைப் போனில் பதியும் செயலி கோபோகலெக்ட். மட்டக்களப்பில் வெல்லாவெளி, வாகரைப் பக்கம் சிக்னல் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். கடதாசி வினாக்கொத்தை விட்டுப் பலரும் இதற்கு மாறியதற்கு அது ஒன்றே போதும். ஓடிகே என்ற திறந்த மூல மென்பொருளை அடியாகக் கொண்ட ஆன்ட்ராய்ட் செயலி. வெற்றுப் படிவத்தை இணையம் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு கிளம்பலாம். நிரப்பியவை அனுப்பும்வரை போனுக்குள்தான் கிடக்கும். இடையில் போன் தொலைந்தாலோ செயலியை அழித்தாலோ அவை போச்சு. ஒவ்வொரு பின்னேரமும் அனுப்பிவிடுங்கள்.

சின்னப் படிவத்தை இணையத்திலேயே கட்டலாம். 40 வினாவைத் தாண்டினால் எக்ஸெல் தாளில் எழுதி ஏற்றுவது சுகம். அந்தத் தாளில் தமிழுக்கு ஒரு நிரல் (column), சிங்களத்துக்கு ஒரு நிரல் என்று வைத்தால் அம்பாறை முழுவதற்கும் ஒரே படிவம் போதும். நிபந்தனை போட்டுவைத்தால், வயல் இல்லை என்றவரிடம் பெரும்போக விளைச்சலைக் கேட்காமல் படிவம் தானே தாண்டும். எண்களுக்கு எல்லையும் போடலாம், ஆனால் இறுக்கிப் பூட்டாதீர்கள். ஏக்கருக்கு 40 மூடைக்கு மேல் ஏற்காது என்று வைத்தால், 45 என்ற விடையைக் காதால் கேட்ட களப்பணியாளரும் 40 என்று தட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். மூடை எத்தனை கிலோ என்பதைத் தனி வினாவாகக் கேளுங்கள்.

செயலியால் திருத்தமுடியாதது வினாவின் சொல். 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?' சும்மா கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போயிருக்கும். தாய் தகப்பன் அதே வளவில் சின்ன வீட்டில் இருப்பார்கள். ஒருவர் நாலு என்பார், இன்னொருவர் ஏழு என்பார், இரண்டும் சரி. 'ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டால் குழப்பம் குறையும்.

அடுத்த கண்ணி 'ஓம்', அதாவது 'ஆம்'. வினாவை வாசிக்கும்போதே நடுவில் வரும் 'ஓம், ஓம்' பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற அர்த்தம்தான். புதிதாக வந்த களப்பணியாளர் அதை விடையாகத் தட்டிவிடுவார். 'முழுதும் உடன்படுகிறேன்' முதல் 'சிறிதும் உடன்படவில்லை' வரை போகும் ஐந்து நிலை உடன்பாட்டு அளவுகோலில் இது மோசம். நீண்ட தமிழ் விடைகள் சின்னத் திரையில் கீழே ஒளிந்துகொள்வதால் மேலே தெரிகிற இரண்டையே வாசித்துக் காட்டும் பழக்கமும் வரும். மூன்று நிலை போதும் என்பது என் கட்சி.

ஜிபிஎஸ் புள்ளியை முற்றத்தில் நின்று எடுங்கள். தகரக் கூரைக்குள் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். களம் தொடங்கியபின் வினாவின் உள்பெயரை (தரவில் அந்த வினாவைக் குறிக்கும் பெயரை) மாற்றினால் தரவில் அது புது நிரலாகப் பிரியும். சொல்லைத் திருத்தலாம், பெயரைத் தொடாதீர்கள்.

ஆழ நேர்காணலுக்கு இது ஆகாது. ஒலிப்பதிவு வசதி உண்டு, ஆனாலும் ஒரு மணி நேரக் கோப்பை அனுப்ப டேட்டா காலியாகும். கண்ணும் திரையிலேயே நிற்கும். தனி ரெக்கோடரும் எட்டுப் பத்து வினா எழுதிய ஒரு தாளும் போதும்.

ஆய்வுக்குத் தெரிந்தெடுத்த மாதிரியில் இல்லாத ஊரில் 10 வீட்டில் ஒத்திகை பாருங்கள். அப்போது ஓடிட் (audit) என்ற நேரப் பதிவைப் படிவத்தில் சேர்த்தால் ஒவ்வொரு வினாவிலும் எத்தனை வினாடி நின்றார்கள் என்று தெரியும். நாலு வரி வினா 3 வினாடியில் முடிந்திருந்தால் அதை யாரும் வாசிக்கவில்லை.