கேரம் போர்டு: சில மழைக்காலங்கள் தாண்டிய பிறகு தெரிய வருபவை

கடையில் கேரம் போர்டு கேட்டால் முதல் கேள்வி "எத்தனை எம்.எம். வேணும்?" என்றுதான் வரும். 4, 8, 12, 16, 20 என்று தடிமன் ஏற ஏற விலையும் ஏறும். நீண்ட நாள் புழக்கத்தில் பார்த்தால், நல்ல போர்டுக்கும் மோசமான போர்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை. பலகை எவ்வளவு தட்டையாக இருக்கிறது, அந்தத் தட்டை எத்தனை ஐப்பசி கார்த்திகை தாங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. 4 மி.மீ. பலகை சிறு பிள்ளைகளுக்கு மட்டும்தான் சரிவரும். 8 மி.மீ. பலகை, அடியில் குறுக்குச் சட்டங்கள் ஒழுங்காக அடித்திருந்தால், வீட்டுக்குத் தாராளம். 16, 20 எல்லாம் அதிர்வு குறைந்து அருமையாக இருக்கும். ஆனால் இடம் மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதாலேயே பல வீடுகளில் அது சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. அப்படிச் சாய்ந்து கிடப்பதுதான் பலகையைக் கெடுக்கும் முதல் காரணம்.

வாங்கும்போது ஒரு டேப்பும் ஒரு நூலும் கையில் இருக்கட்டும். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி ஆடுதளம் உள்ளளவில் 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், அதாவது 29 அங்குலம். கடையில் "32 இன்ச்", "35 இன்ச்" என்று சொல்வது ஃபிரேமையும் சேர்த்த அளவு. எனவே உள்பக்கத்தை அளந்து பார்த்தே வாங்க வேண்டும். குழியின் விட்டம் 4.45 செ.மீ. ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. வீட்டு உபயோகம் என்று விற்கும் பல போர்டுகளில் குழி இதைவிடப் பெரிது. எல்லாம் சுலபமாக விழும், கை சோம்பேறியாகிவிடும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னை வீராங்கனை காசிமா மூன்று தங்கம் வென்ற பிறகு, பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணத்தோடு போர்டு தேடுகிற பெற்றோர், 26 இன்ச் போர்டை விட்டுவிடுவது நல்லது. அதில் பழகிய கட் ஷாட் (காயின் ஓரத்தில் பட அடிப்பது) கோணங்களும், ரீபவுண்ட் (ஃபிரேமில் பட்டுத் திரும்புவது) தூரமும் முழு அளவு போர்டில் பயன்படாது.

நூல் எதற்கு? ஒரு மூலைக் குழியிலிருந்து எதிர்மூலைக் குழிவரை பலகையை ஒட்டி இழுத்துப் பிடியுங்கள். பிறகு மற்ற இரு மூலைகளுக்கும் அப்படியே. நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது. நூல் நடுவில் முட்டி ஓரத்தில் தூக்கினால் புடைத்திருக்கிறது. ஒரு தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தாலே வேறு போர்டைக் கேளுங்கள். குழிந்த பலகையில் மெதுவாகத் தள்ளும் காய் எல்லாம் நடுவட்டத்துக்கே வளைந்து வரும். எந்தப் பவுடரும் அதைச் சரிசெய்யாது.

வீட்டில் வைக்கும் இடம் அடுத்த விஷயம். ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ. வரை இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை அதைவிட உயரம். அதன் மேல் போர்டை வைத்தால் முழங்கை தூக்கிக்கொண்டு, அரை மணியில் தோள் வலிக்கும். மட்டம் பார்க்க, ரசமட்டத்தைப் பலகையின் நடுவில் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, மூலைவாட்டில் ஒருமுறை வையுங்கள். தாழ்ந்த காலுக்கு அடியில் மடித்த அட்டையை விட ரப்பர் துண்டு நல்லது. அட்டை இரண்டு நாளில் நசுங்கிவிடும். கடைசியாக ஸ்ட்ரைக்கரை நாலு பக்கமிருந்தும் ஒரே மாதிரி மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டம் கூடினால் மட்டம் இன்னும் சேரவில்லை. முழு வேகத்தில் அடித்தால் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மூன்றரைத் தடவையாவது ஓட வேண்டும் என்பது போட்டி விதி. வீட்டு போர்டில் இரண்டரை வந்தால்கூட ஆடலாம். அதற்குக் கீழே போனால் பலகையின் பாலிஷையோ ஃபிரேமையோ கவனிக்க வேண்டிய நேரம்.

விளக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுவர் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பக்க ஃபிரேமின் நிழல், ஸ்ட்ரைக்கர் வைக்கும் இரட்டைக் கோடான பேஸ் லைன் பக்கம் சாயும். கிளப்களில் நடுவட்டத்துக்கு நேர் மேலே மூடிபோட்ட குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிடுவார்கள். நிழலை நீக்குவதோடு, 60 வாட் பல்பின் சூடு பலகையையும் பவுடரையும் ஈரம் அண்டாமல் வைத்திருந்தது. இப்போதைய எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், அந்தச் சூட்டைத் தராது. மழைநாளில் பவுடர் திரிதிரியாய் உருள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட நாளில் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போர்த்திய துணியை எடுத்துவிட்டு போர்டை மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். மேல்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கினால் பலகை வளையும்.

பவுடரில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கேரமுக்கென்று விற்கும் போரிக் பவுடர், முழு அளவு போர்டுக்கு அரை டீஸ்பூன் போதும். மெல்லிய துணியில் முடிந்து தட்டினால் சீராக விழும். பிறகு காய்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை பரப்பிவிடுங்கள். வெள்ளையாகப் படிந்து தெரிந்தால் அதிகம் என்று பொருள். காய் மிதந்து போகும், கட் ஷாட்டில் கோணம் நழுவும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைப் போடவே கூடாது. அதிலுள்ள வாசனைப் பொருள்கள் பலகையில் பிசுக்காகப் படியும். ஒருமுறை படிந்தால் எடுக்கப் பாடாய்ப் படவேண்டும். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் விஷம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள், ஆடிய கையோடு முறுக்கு சாப்பிட உட்காராதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பழைய பவுடரைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது.

காய்களைச் சோதிக்க எளிய வழி: ஒன்பது கருப்பையும் ஒன்பது வெள்ளையையும் தனித்தனியாக அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு காயின் தடிமன் 7 முதல் 9 மி.மீ., எடை 5 முதல் 5.5 கிராம். இரண்டு அடுக்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும். மரக்காய்கள் ஈரத்தில் ஊதும். ஊதின ஒரு காய் செட்டுக்குள் இருந்தால், மோதும்போது மற்றது அதன்மேல் ஏறிப் புரளும். நடுவில் அடுக்கும்போது குறுக்காக ஐந்து காய்கள் வரும். விட்டம் 3.18 செ.மீ. வீதம் 15.9 செ.மீ. வெளிவட்டம் 17 செ.மீ. எனவே சுற்றிலும் அரை செ.மீ. மீதி நிற்க வேண்டும். காய்கள் கோட்டைத் தொட்டால் அளவு தவறு, அல்லது அடுக்கு இறுக்கமாக இல்லை. அடுக்கில் விரல் நுழையும் சந்து இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடி பாதி அங்கேயே செத்துவிடும்.

வீட்டில் சண்டை வரும் இடங்கள் மூன்று. ஸ்ட்ரைக்கர் இரண்டு பேஸ் லைனையும் தொட்டிருக்க வேண்டும். ஓரத்துச் சிவப்பு வட்டத்தில் வைத்தால் முழுக்க மூட வேண்டும், அரைகுறையாக மிதிக்கக் கூடாது. ஸ்ட்ரைக்கர் மட்டும் விழுந்தால் ஒரு காய் ஃபைன், ஆட்டமும் கைமாறும். கூடவே சொந்தக் காயும் விழுந்தால் அதையும் ஃபைன் காயையும் போர்டில் திரும்ப வைத்த பிறகு அவரே தொடரலாம். 22 புள்ளி சேர்ந்தவருக்கு ரெட் காய் போட்டாலும் அதற்கான மூன்று புள்ளி கிடையாது. கருப்பு பத்து, வெள்ளை இருபது, ரெட் ஐம்பது என்று ஆடுகிற வீட்டு ஆட்டத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை.

இரண்டாம் வருடத்தில் ஃபிரேம் பேசத் தொடங்கும். ஸ்ட்ரைக்கர் பட்டதும் கணீரென்று கேட்ட சத்தம் 'டொக்' என்று மங்கும், ரீபவுண்ட் குறையும். போர்டைக் கவிழ்த்து, அடியிலுள்ள ஸ்க்ரூக்களை எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். துளை தளர்ந்து ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால், தீக்குச்சியை மரப்பசையில் நனைத்துத் துளைக்குள் விட்டு, ஒருநாள் காயவிட்டு முடுக்கலாம். ஆணி அடித்த மலிவு ஃபிரேம்களில் இந்த வைத்தியம் எடுபடாது. வாங்கும்போதே கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். ஃபிரேமும் பலகையும் சேரும் விளிம்பில் பவுடர் கெட்டியாகி ஒரு சரிவுபோல நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை தள்ளினால் போதும்.

ஆடாத நாளில் துணி போர்த்தி, படுக்கை வாட்டில், தரையில் படாமல் இரண்டு மரச்சட்டங்களின் மேல் வையுங்கள். இடமில்லை என்றால் நேர் செங்குத்தாக நிறுத்தலாம். சாய்க்க மட்டும் வேண்டாம். குளியலறைச் சுவரும் சமையலறை மூலையும் ஆகவே ஆகாது. குழிகளுக்கு அடியில் உள்ள வலைதான் முதலில் கிழியும். காய் தரையில் உருண்டோடி விளிம்பு சிதையும் முன் நாலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.